ஞாயிற்றுக்கிழமைக் கறியும் வியாழக்கிழமை இரவும்

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். ஆர்டர் அனுப்பும் வாரமென்றால் அதற்கும் மேல். கணவன் கட்டிங்கில், மனைவி ஓவர்லாக் மிஷினில் என்று இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு மேல் அடுப்பைப் பற்றவைத்து என்ன சமைக்க முடியும்? சோறு வடித்துக் காலையில் வைத்த ரசத்தை ஊற்றிக்கொள்ளலாம். மாவு இருந்தால் தோசை. அதுவும் இல்லையென்றால் தள்ளுவண்டிப் பரோட்டா. மூன்றும் தட்டில் குவிப்பது ஒரே சத்தைத்தான்: மாவுச்சத்து.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்திருக்கும். காலையிலேயே கறிக்கடையில் கூட்டம் நிற்கும். நிதானமாகச் சமைக்க நேரமும் இருக்கும். அன்றைக்குச் சமைத்த கறியில் ஒரு பங்கை வியாழக்கிழமை இரவுக்கு எடுத்து வைத்தால் என்ன?

இப்படிக் கேட்டால் பெரியவர்களிடமிருந்து வரும் பதில் தெரிந்ததுதான்: "ஃப்ரிட்ஜில் வைத்ததைத் தின்றால் உடம்புக்கு ஆகாது." இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. கீழ்த்தட்டில் வைத்த குழம்பு நாலைந்து நாளில் வாடை அடிக்கிறது. சோறு மறுநாளே விறைத்துப்போகிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் திரிந்து நிற்கிறது. ஆனால் அதே ஃப்ரீசரில் இருந்த கோழி வறுவல் மூன்று வாரம் கழித்தும் ருசி குறையாமல் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் வைத்தவற்றில் ஒன்று கெடுகிறது, ஒன்று இறுகுகிறது, ஒன்று திரிகிறது, ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், வார இரவுகளில் சோற்றைக் குறைத்துக் கறியும் காயும் முட்டையும் கூட்டிச் சாப்பிடுவது வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் கைகூடும்.

ஒரு தட்டுச் சோற்றின் கணக்கு

முதலில், எதற்காகக் குறைக்க வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது; இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இதே குழு உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவு இன்னொன்றைச் சொன்னது: நாம் உண்ணும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தே குறைந்தால்தான் பலன் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

62 சதவீதம் என்றால் என்னவென்று தட்டில் வைத்துப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது சுமார் 310 கிராம் மாவுச்சத்து. அந்தப் பங்கை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 250 கிராம். இடைவெளி 60 கிராம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஆக, நாளொன்றுக்கு 200 கிராம் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் புரதமும் காயும் வந்தால் இடைவெளி அடைந்துவிடுகிறது. 200 கிராம் சோறு என்பது பலருக்கும் ஒருவேளைச் சாப்பாடு. இரவுச் சோறு ஒன்றை மாற்றினாலே போதும் என்பதுதான் இதன் பொருள்.

மாவுச்சத்தை இப்படிக் குறைத்த உணவை இந்த அத்தியாயத்தில் 'குறைமாவு உணவு' என்று அழைப்போம். மருத்துவ நூல்கள் நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போவதைத்தான் இந்த வகையில் சேர்க்கும். குடும்பம் முழுவதும் அந்த எல்லைக்குப் போக வேண்டியதில்லை. போகும் எண்ணமிருந்தால் மருத்துவர் துணை வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சோற்றைக் கட்டுப்படுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்று கேட்டே சாப்பிட வேண்டும். இந்த நால்வரையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

குறைமாவு உணவுக்கு வேண்டிய பொருட்களுக்கு இந்த வட்டாரம் வெளியே கையேந்த வேண்டியதில்லை. கறிக்கோழிக்குப் பல்லடம், பண்ணைக் கொள்முதல் விலையே அங்கிருந்துதான் அறிவிக்கப்படுகிறது. தேங்காய்க்கு உடுமலை, தேங்காய் எண்ணெய்க்குக் காங்கேயம், வெண்ணெய்க்கும் நெய்க்கும் ஊத்துக்குளி. பக்கத்திலேயே முட்டைக்கு நாமக்கல். பொருளுக்குக் குறையில்லை. இல்லாதது வார நாள் மாலையில் சமைக்கும் நேரம் மட்டும்தான். அந்த நேரத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுத்து வைக்க உதவும் கருவி ஃப்ரீசர்.

குளிர் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது

உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் அவற்றால் பெருக முடியாது. 5 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் பெருகும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் அவற்றுக்குக் கொண்டாட்டம். இதை 'பெருகு வெப்பம்' என்று குறித்துக்கொள்வோம்.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு சுமார் 4 டிகிரி. அங்கே பெருக்கம் மெதுவாகிறது, நிற்பதில்லை. அதனால்தான் சமைத்த கறிக்கு அங்கே மூன்று, நான்கு நாள்தான் கெடு. மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் பெருக்கம் நின்றேவிடுகிறது. ஃப்ரீசருக்கென்று உலகம் முழுவதும் வைத்திருக்கும் அளவு மைனஸ் 18 டிகிரி. அது பாரன்ஹீட் கணக்கில் ஏறக்குறையப் பூஜ்யம்.

ஆனால் நின்றவை செத்தவை அல்ல. உறையும்போது உயிரோடு இருந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதி உருகும்போதும் உயிரோடுதான் இருக்கும். ஃப்ரீசருக்குள் எந்த நிலையில் கறி போனதோ அந்த நிலையிலேதான் வெளியே வரும். மதியம் ஒரு மணிக்கு இறக்கிய சட்டியை மூடி மேடையிலேயே வைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு ஃப்ரீசரில் வைத்தால், அந்த ஏழு மணி நேரத்தில் பெரும்பகுதி கறி பெருகு வெப்பத்தில்தான் கிடந்திருக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒரு நுண்ணுயிர் ஏழு மணி நேரத்தில் ஒன்றிலிருந்து 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

"கொதிக்க வைத்த கறியில் நுண்ணுயிர் எங்கிருந்து வரும்?" என்று கேட்கலாம். சிலவகை நுண்ணுயிர்கள் ஆபத்து வரும்போது கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொள்கின்றன. கொதிநிலையையும் தாங்கும் இந்த வடிவத்தை 'உறங்கு வித்து' எனலாம். இறைச்சிக் குழம்பில் இருக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் அப்படிப்பட்டது. சட்டி மெல்ல ஆறும்போது உறங்கு வித்து விழித்துக்கொள்ளும். 45 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட இரட்டிப்பாகும். சோற்றில் வரும் பேசில்லஸ் செரியஸும் இதைப் போலவே உறங்கி விழிப்பதுதான். "மறுபடி சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. சில நுண்ணுயிர்கள் கக்கிவிட்டுப் போகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

பெரியவர்களின் அச்சத்துக்கு அடியில் இருக்கும் உண்மை இதுதான். உடம்புக்கு ஆகாதது ஃப்ரீசரில் கிடந்த மூன்று வாரம் அல்ல. அதற்கு முன் மேடையில் கிடந்த சில மணி நேரம்.

ஐஸ் எப்படிக் கறியைக் குலைக்கிறது

அடுத்தது ருசி. கறியிலும் காயிலும் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. மெதுவாக உறைந்தால் சில இடங்களில் மட்டும் ஐஸ் படிகம் தோன்றி, சுற்றியுள்ள நீரை இழுத்துப் பெரிதாக வளரும். வளர்ந்த படிகம் திசுக்களின் சுவரைக் கிழிக்கும். உருகும்போது அந்தக் கிழிசல் வழியாகச் சாறு வெளியேறிவிடும். கறி சக்கையாவது இதனால்தான். வேகமாக உறைந்தால் ஆயிரமாயிரம் சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. எதற்கும் பெரிதாக வளர நேரமில்லை. சுவர் கிழிவதும் குறைகிறது.

இந்த வேக உறைவை வணிகமாக்கியவர் அமெரிக்கரான க்ளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912 முதல் சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தபோது, அங்குள்ள இனூயிட் மக்கள் கடுங்குளிர்க் காற்றில் மீனைப் பிடித்த மாத்திரத்தில் உறைய வைப்பதையும், மாதங்கள் கழித்து உருக்கிச் சமைத்தால் அது புதுமீனைப் போலவே இருப்பதையும் கண்டார். ஊர் திரும்பி, உணவைத் தட்டையான பொட்டலமாக்கிக் குளிர்ந்த இரு உலோகத் தகடுகளுக்கு இடையே அழுத்தி உறைய வைக்கும் எந்திரத்தை உருவாக்கினார். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அந்த உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. தட்டையான பொட்டலம், உலோகத் தகடு என்ற இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சமையலறையிலும் அவை வேலை செய்யும்.

சோறு ஏன் விறைக்கிறது

அரிசி வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் தண்ணீரைக் குடித்து, கட்டு அவிழ்ந்து, தளர்ந்து நிற்கின்றன. சோறு மென்மையாக இருப்பது அதனால்தான். ஆறியதும் அந்தச் சங்கிலிகள் மறுபடி ஒன்றையொன்று ஒட்டி வரிசை கட்டத் தொடங்கும்; இடையிலிருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றும். இதை 'மாவு இறுகல்' என்போம். விந்தை என்னவென்றால், இது மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு வெப்பத்தில்தான். ஃப்ரீசருக்குள் இது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சோளமாவோ கடலைமாவோ கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு உறைந்து உருகும்போது நீர் தனியே பிரிவதும் மாவு இறுகலின் வேலை. உருளைக்கிழங்கு உருகியதும் நொறுநொறுவென்று ஆவதும் அப்படியே.

இறுகிய மாவு சீரணமாவது சற்றுத் தாமதமாகும் என்பதும் உண்மை. 2015இல் கொழும்பிலுள்ள வேதியியல் விஞ்ஞானக் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்ஸும் அவருக்கு வழிகாட்டிய புஷ்பராஜா தவராஜாவும் ஒரு பரிசோதனையை அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் முன்வைத்தார்கள். தேங்காய் எண்ணெய் சேர்த்து வேகவைத்த சோற்றை 12 மணி நேரம் குளிர வைத்தபோது, எளிதில் சீரணமாகாத மாவின் பங்கு கூடியது. அவர்கள் அளந்தது ஆய்வகத்தில். இதை நம்பி இரண்டு தட்டுச் சோறு சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்வது தவறு.

கோழிக்கறியிலும் முட்டையிலும் எண்ணெயிலும் இறுகுவதற்கு மாவே இல்லை. குறைமாவு உணவு ஃப்ரீசருக்கு இயல்பாகவே ஒத்துப்போவதன் காரணம் இது.

ஒரு சட்டி பள்ளிபாளையம் சிக்கன்

இப்போது ஓர் உணவை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம். ஈரோட்டுக்கு அக்கரையில், காவிரிக்கரையில் இருக்கும் ஊர் பள்ளிபாளையம். அதன் பெயரில் கொங்கு நாடெங்கும் செய்யப்படும் கோழி வறுவலில் தக்காளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, மாவு இல்லை. கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அவ்வளவுதான்.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 2 கிலோ கோழி, 300 கிராம் சின்ன வெங்காயம், 200 கிராம் தேங்காய். மாவுச்சத்தைக் கூட்டிப் பார்ப்போம். கோழியில் பூஜ்யம். வெங்காயத்தில் 40 முதல் 50 கிராம். தேங்காயில் சுமார் 30 கிராம். அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. சட்டி முழுவதும் 80 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. 300 கிராம் சோறு வைத்த ஒரே தட்டில் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். நான்கு பேர் நான்கு இரவு சாப்பிடும் கறியை ஒருவரின் ஒருவேளைச் சோற்றோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள்.

தண்ணீர் சுண்டும்வரை வறுத்து இறக்கினால் சுமார் 1.8 கிலோ வறுவல் கிடைக்கும். நன்றாகச் சுண்ட விடுவது ருசிக்காக மட்டுமல்ல. நீர் குறைந்தால் ஐஸ் குறையும், ஐஸ் குறைந்தால் சேதமும் குறையும்.

இறக்கியதும் சட்டியை மூடாதீர்கள். அகலமான இரண்டு தாம்பாளங்களில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே அரை மணி நேரம் வையுங்கள். ஆவி அடங்கியதும் 450 கிராம் வீதம் நான்கு பங்காகப் பிரித்து, உணவுக்கென்று விற்கும் ஜிப் பைகளில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியே அழுத்தி, உள்ளங்கையால் தட்டையாக்குங்கள். 15 சென்டிமீட்டர் நீள அகலத்தில் பரப்பினால் பை 2 சென்டிமீட்டர் தடிமன் வரும். மேலே தேதியையும் பெயரையும் எழுதுங்கள். பைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஃப்ரீசரின் உலோகத் தரையில் படும்படி வையுங்கள். உறைந்து கல்லானபின் அடுக்கிக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் இரண்டை உடனே மேலேயும், மற்ற இரண்டைக் கீழ்த்தட்டில் வைத்திருந்து இரவிலும் ஏற்றுங்கள். நான்கையும் நெருக்கித் திணித்தால் ஃப்ரீசரே சூடேறி எதுவும் வேகமாக உறையாது.

தடிமன்தான் எல்லாம்

2 சென்டிமீட்டர் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? நனைந்த பனியன் துணியை ஒற்றையாகக் கொடியில் விரித்தால் சீக்கிரம் காய்கிறது. அதையே மடித்துப் போட்டால் மேல்மடிப்பு காய்ந்தபின்னும் உள்மடிப்பில் ஈரம் நிற்கிறது. துணியிலிருந்து ஈரம் வெளியேறுவதைப் போலத்தான் உணவிலிருந்து வெப்பமும் வெளியேற வேண்டியிருக்கிறது, மேற்பரப்பு வழியாக மட்டும்.

வெளியேற வேண்டிய வெப்பமும் கொஞ்சமல்ல. ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர 80 கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். பூஜ்யத்தில் நிற்கும் அந்தத் தண்ணீரை ஐஸாக்க இன்னொரு 80 கலோரியை எடுக்க வேண்டும். அதாவது, கைசுடும் நீரைச் சில்லென்று ஆக்குவதற்கு எவ்வளவு வேலையோ, சில்லென்ற நீரை உறைய வைப்பதற்கும் அவ்வளவு வேலை. இந்தக் கட்டத்தில்தான் படிகங்கள் தோன்றி வளர்கின்றன. சேதம் நிர்ணயமாவதும் இங்கேதான்.

அதே 1.8 கிலோ வறுவலை 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு டப்பாவில் மொத்தமாக வைத்தால் தடிமன் ஐந்து மடங்காகிறது. வெப்பம் உள்ளிருந்து வெளிப்பரப்புக்கு வருவதே தடையாக இருந்தால், உறைய ஆகும் நேரம் ஐந்தின் ஐந்து மடங்கு, 25 மடங்குவரை நீளும். வீட்டு ஃப்ரீசரில் காற்று அசையாமல் நிற்பதால் அதுவே பெரிய தடை. ஆகவே வித்தியாசம் ஐந்தாறு மடங்கோடு நிற்கிறது. தோராயமாகக் கணக்கிட்டால், தட்டைப் பை ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். டப்பாவின் நடுப்பகுதி உறைய ஒரு நாளைத் தாண்டும். டப்பாவுக்குள் பெரிய படிகங்கள். ஆறுவதற்கு ஆகும் நேரமும் அதிகமென்பதால் பெருகு வெப்பத்தில் கழியும் நேரமும் அதிகம். ருசிக்கும் பாதுகாப்புக்கும் ஒரே மருந்து, மெல்லிய பொட்டலம்.

உறைவதைவிட உருகத் தாமதமாகும்

உறைந்த பையை வெளியே வைத்தால் முதலில் விளிம்பு உருகி நீராகிறது. ஐஸ் வெப்பத்தைக் கடத்தும் திறனில் ஏறக்குறைய கால்பங்குதான் தண்ணீருக்கு உண்டு. உருகிய வெளிப்பகுதி ஒரு போர்வையாகி, உள்ளே வெப்பம் போகவிடாமல் தடுக்கிறது. நடுவில் கல்லாக இருக்கும்போதே ஓரம் பெருகு வெப்பத்தில் காத்துக்கிடக்கும். பெரிய டப்பாவைச் சமையல் மேடையில் வைத்து உருக்குவது இதனால்தான் ஆபத்து.

வேலைக்குப் போகும் வீட்டுக்கு இதன் தீர்வு எளிது. காலை கிளம்பும்போது ஒரு பையை மேலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். இரவு வரும்போது 5 டிகிரியைத் தாண்டாமலே இளகியிருக்கும். மறந்துபோனாலும் கவலையில்லை, 2 சென்டிமீட்டர் பையைக் குழாய்த் தண்ணீரில் சற்றுநேரம் போட்டு, கறி பையிலிருந்து பிரிந்ததும் உடைத்து வாணலியில் போடலாம். ஆவி பறக்க, நடுப்பகுதியும் சுடச்சுட ஆகும்வரை கிளறுங்கள். மேடையில் மறந்துவிட்ட பை இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அதை மறுபடி உறைய வைக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் கெடு ஒரு மணி நேரம்தான். திருப்பூரின் கோடைப் பகல்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும்.

எதை வைக்கலாம், எதைக் கூடாது

இதுவரை சொன்ன காரணங்களை வைத்தே பட்டியலை நீங்களே போட்டுவிடலாம். கோழி வறுவல், கொத்துக்கறி, கோலா உருண்டை, தேங்காய்ப்பால் சேராத நாட்டுக்கோழிக் குழம்பு நன்றாக உறையும். முட்டைப் பொரியல் தாங்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். தேங்காய்ப்பாலும் தயிரும் திரியும், ஏனென்றால் அவற்றில் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய கட்டை ஐஸ் படிகம் அறுத்துவிடுகிறது. அவற்றைச் சூடாக்கும்போது புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளரி, புடலை, பூசணி குழைந்துபோகும்.

காலிஃபிளவர், பீன்ஸ், அவரை உறையும். ஆனால் பச்சையாக வைத்தால் ஓரிரு மாதத்தில் நிறமும் மணமும் கெடும். காய்க்குள் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருப்பதுதான் காரணம். கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் முக்கி, நன்றாக வடித்துவிட்டு வைத்தால் நொதிகள் அடங்கிவிடும்.

சைவக் குடும்பங்களுக்குப் பன்னீரும் சோயாவும் பொருந்தும். பன்னீர் சற்று உதிரும். மசாலாவில் அது தெரியாது. கொள்ளும் பாசிப்பயறும் குறைமாவு அல்ல. உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். ஆனால் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் சோற்றைவிட மெதுவாகச் சர்க்கரையாகும். ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு வந்தால் சோற்றில் பாதி போகட்டும்.

மைனஸ் 18 டிகிரியிலும் சிறிதளவு நீர் உப்போடு சேர்ந்து உறையாமல் நிற்கும். ஆகவே வேதிமாற்றம் முழுதாக நிற்பதில்லை. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில் சிக்கு வாடை சீக்கிரம் வருவது இதனால்தான். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு காற்றோடு எளிதில் வினைபுரியாதது; அதில் வறுத்தவை நீடித்து நிற்கும். பைக்குள் காற்று இருந்தால் ஐஸ் உருகாமலே ஆவியாகிக் கறியின் மேல் வெளிறிய வறண்ட திட்டு விழும். அது நஞ்சல்ல, ருசிதான் போயிருக்கும்.

உங்கள் ஃப்ரீசரையும் மின்வாரியத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல வீடுகளில் மைனஸ் 18ஐ எட்டுவதில்லை. ஒரு கப் ஐஸ்கிரீமை இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டி இறங்காமல் கல்லாக இருந்தால் சரி. எளிதில் கரண்டி இறங்கினால் குளிர் போதவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள். குளிர் சரியாக இருக்கும் ஃப்ரீசரில் சமைத்த கறி மூன்று மாதம்வரை ருசி குறையாமல் இருக்கும். நமக்கு வேண்டியது ஒரு வாரமோ இரண்டு வாரமோதான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். அன்றைக்குக் கதவைத் திறக்காமல் இருப்பதே முக்கால் பாதுகாப்பு. நிரம்பிய நல்ல ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள்வரைகூடத் தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். சிறிய மேல்பெட்டிக்கு இந்தக் கெடு பொருந்தாது. காலி இடத்தில் தண்ணீர்ப் பைகளை உறைய வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். கரண்ட் வந்தபின் பைகளைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் இன்னும் இருந்தால் அப்படியே விடலாம். இளகிச் சில்லென்று மட்டும் இருந்தால் அன்றிரவே சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள். சில்லிப்பே போயிருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்

அறிவியல் சொல்வதைத் தொகுத்தால் நான்கே வரி: விரைவாக ஆற்றுங்கள், மெல்லியதாகப் பிரியுங்கள், கீழ்த்தட்டில் இளகவிடுங்கள், ஆவி பறக்கச் சூடாக்குங்கள். இதைச் செய்யும் வீட்டுக்கு ஃப்ரீசரைக் கண்டு அஞ்ச வேண்டிய தேவை இல்லை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது சமையலறைக்குள் யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி. ஆறு நாள் மிஷினில் உட்கார்ந்த பெண்ணுக்கு ஓய்வென்று இருப்பது ஞாயிறு ஒன்றுதான். நான்கு இரவுச் சமையலையும் அந்த ஒரு நாளில் அவர் தலையில் ஏற்றினால், குடும்பத்தின் சர்க்கரை குறையலாம், அவருடைய களைப்பு குறையாது. இரண்டு கிலோ கோழியைக் கழுவவும், வெங்காயம் உரிக்கவும், தேங்காய் கீறவும், பைகளில் பிரித்துத் தேதி எழுதவும் வீட்டில் கைகள் இருக்கின்றன. இந்த ஞாயிறு ஒரே ஒரு சட்டியோடு தொடங்குங்கள். எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள்.